நீலம் ஏறாத அணுக்கள்

எலிக்காய்ச்சலில் என் அண்ணன் இறந்தபோது நான் திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தாளடி நடவுக்காகச் சேறடித்த வயலில் அவன் நாள் முழுக்க வெறுங்காலோடு நின்றிருக்கிறான். குதிகாலில் வெடிப்பு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கும் அந்தக் கிருமிக்கு உள்ளே நுழைய அவ்வளவு வழி போதும். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினான். கண்கள் சிவந்தன, அப்புறம் மஞ்சளாயின. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது அவனுக்கு ஒன்றுக்குப் போவதே நின்றிருந்தது.

வார்டு டாக்டர் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. நான் சயின்ஸ் படிக்கிறேன் என்று தெரிந்துகொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கிருமி அடங்கிடுச்சும்மா. மருந்து கேட்டிருக்கு. இப்ப இவரை எரிக்கறது இவர் உடம்பேதான்."

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால்தான் என் வாழ்க்கை முழுவதும் போயிற்று. காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அதைப் பாடப்புத்தகம் அழற்சி என்று சொல்லும். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூட்டும் நெருப்பு அது. எதிரி போன பிறகும் அது ஏன் சிலருக்கு அணைவதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. வெளிநாட்டில், வருஷத்தில் பாதி பனி பெய்யும் ஒரு ஊரில், வெள்ளைச் சுண்டெலிகளை வைத்து அதைப் படித்தேன். காய்ச்சல் வந்த சுண்டெலி கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி உட்காரும். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்ததும் அப்படியேதான். கூண்டின் மேல் துணியைப் போட்டுவிட்டு வராந்தாவில் போய் நிற்பேன். வெளியே பனி கொட்டும். பார்த்தவர்கள் வேலைப் பளு என்று நினைத்திருப்பார்கள்.

ஊர் திரும்பி, தஞ்சாவூருக்கு வெளியே ஒரு ஆய்வகத்தில் சேர்ந்த பிறகு சுண்டெலிகளை விட்டுவிட்டேன். மனிதர்களின் ரத்தத்தை எடுத்துக்கொண்டேன். டெல்டாவில் நடவு நடும் பெண்கள் அந்தத் தண்ணீரில்தான் வருஷம் தவறாமல் நிற்கிறார்கள். சிலர் படுக்கையில் விழுகிறார்கள். சிலர் ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த வயலுக்குப் போகிறார்கள். அந்த இரண்டாவது வகையினரின் உடம்பு எதைக் கற்றுக்கொண்டிருக்கிறது, அதை ஒரு தடுப்பூசியால் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்க முடியுமா என்பது எங்கள் கேள்வி.

அப்படித்தான் அவளைத் தெரியும். திருவாரூர் பக்கத்துக்காரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், ஒரு நடவுக் கூட்டத்தில் இருந்தவள். ரத்தம் எடுக்கும் முகாமுக்கு வரும்போதெல்லாம் நல்ல புடவை கட்டி, பூ வைத்து வருவாள். "போட்டோ எடுப்பீங்களோன்னு வந்தேன்" என்பாள். ஊசியைப் பார்க்க மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, குவைத்தில் டிரைவராக இருக்கும் கணவனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்து முடித்திருப்போம். கொடுக்கிற ஜூஸை வாங்கிக்கொண்டு, காலையில் சாப்பிடவில்லை என்று பொய் சொல்லி இன்னொன்றும் வாங்கிக்கொள்வாள்.

அவளுடைய ரத்தம் வேறு மாதிரி இருந்தது. நாங்கள் சோதித்த கிருமியின் எல்லா வகைகளையும் அவளுடைய அணுக்கள் அடையாளம் கண்டன. கண்டும் பதறவில்லை. மற்றவர்களின் அணுக்கள் ஊரைக் கூட்டும் இடத்தில் அவளுடையவை வேலையை முடித்துவிட்டு அடங்கின. அந்த முடிவை முதலில் பார்த்த அன்று நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணனுக்கு இல்லாமல் போனது இதுதான் என்று தெரிந்தது.

அவள் கொடுத்த ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்தோம். அந்தக் குளிரில் அணு சாவதும் இல்லை, வளர்வதும் இல்லை. அப்படியே நிற்கும். எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அந்த வருஷம் சம்பா நடவில், மத்தியானம் திடீரென்று கறுத்துக்கொண்டு வந்தது. வரப்பேறி ஓடிவந்த பெண்களில் அவள் கடைசி. இடி அவள்மேல் விழுந்தது.

நான் மாலை போட்டுவிட்டு வந்தேன். கணவர் வரவில்லை. முதலாளியிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி, டிக்கெட் கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள், போஸ்ட்மார்ட்டம் முடிந்த உடம்பை வைத்திருக்க முடியாமல் எரித்து, காடாத்தி, சாம்பலையும் ஆற்றில் கரைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்து ஓடிய சமயத்தில், வாசல் காவலாளி போன் செய்தார்.

"ஒருத்தர் வந்து நிக்கறாரு மேடம். அவரு சம்சாரம் உள்ள இருக்காங்கன்னு சொல்றாரு. அப்படி யாரும் வரலையே இன்னிக்கு?"

நான் இறங்கிப் போனேன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம் பொண்டாட்டி ரத்தம் இங்க இருக்குதுன்னு நடவுக்குப் போற பொம்பளைங்க சொன்னாங்க" என்றார்.

"ஆமாங்க. இருக்கு."

"கெட்டுப்போயிருக்காதா?"

"கெடாம இருக்கறதுக்குத்தான் உறைய வச்சிருக்கோம்."

"செத்த ரத்தம்தானே மேடம் அது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படியே திரும்பிப் போயிருப்பார். ஆனால் அந்த வீட்டுக்கு நான் கொடுக்கக்கூடிய மரியாதை, கேட்டதற்கு உள்ளதைச் சொல்வது ஒன்றுதான்.

"இல்லங்க. அதுல இருக்கற வெள்ளை அணுக்கள் உயிரோடதான் இருக்கு."

பிறகு அவராகவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"அப்ப நான் ஏர்போர்ட்ல வந்து எறங்கினப்ப அவ முழுசாப் போயிருக்கல."

காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

அந்த ரத்தத்தைத் தன்னிடம் கொடுத்துவிட முடியுமா, ஆற்றில் கரைக்க வேண்டும் என்று கேட்டார். எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்துவிட்டார்கள், தன் கையால் எதுவுமே செய்யவில்லை என்றார். மனித ரத்தத்தை வெளியே கொடுக்கச் சட்டம் இடம் தராது என்பதை விளக்கினேன். வேண்டாம் என்று குடும்பம் சொன்னால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு அழித்துவிடலாம், அந்த உரிமை உங்களுக்கு உண்டு என்றும் சொன்னேன்.

"அழிக்கறதுன்னா?"

"கொதிநீராவியில வச்சு அணுவைக் கொன்னுட்டு, அப்புறம் எரிக்க அனுப்புவோம்."

"ரெண்டாந்தரம் கொளுத்தணுமா நான்?" என்றார். கோபம் இல்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டார். பிறகு, "ஒரு தடவ பாக்கலாமா?" என்றார்.

இந்த மாதிரி ஒரு வேண்டுகோள் எங்களுக்கு வந்ததே இல்லை. நெறிமுறைக் குழுவின் தலைவரிடம் பேசினேன். அவர் சில நாள் யோசித்துவிட்டு, எப்படியும் சோதனைக்கு எடுக்கப்போகும் குப்பியாக இருந்தால் காட்டுங்கள் என்றார்.

அவளுடைய கணவர் வந்தார். செருப்பைக் கட்டிடத்துக்கு வெளியிலேயே விட்டுவிட்டார். உள்ளே வேறு செருப்பு போட வைப்பது பெரும்பாடாகிவிட்டது. தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவியது. ஓரடி பின்னால் போனார். என்னோடு வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர், அமைதியான பெண், குப்பியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் ஆட்டிக் கரைத்தாள். ஒரு சொட்டில் நீலச் சாயத்தைக் கலந்து நுண்ணோக்கியில் வைத்தாள்.

அவர் மூட வேண்டாத கண்ணை மூடிக்கொண்டு தடுமாறினார். பிறகு பிடிபட்டது.

"மணி மணியா இருக்கு."

"ம்."

"அங்கங்க நீலமா இருக்கே?"

"அதெல்லாம் செத்தது. செத்த அணுவுக்குள்ளதான் நீலம் ஏறும். பளபளன்னு, நீலம் ஏறாம இருக்கு பாருங்க, அது உசுரோட இருக்கு."

வெகுநேரம் பார்த்தார்.

"அசையல."

"இப்பத்தானே முழிச்சிருக்கு" என்றேன். எங்கள் துறையில் யாரும் அப்படிப் பேச மாட்டோம். பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனி என்ன பண்ணுவீங்க?"

"கிருமியைக் கொன்னு, அதைக் கொஞ்சம் இதுல போடுவோம். பழைய அடையாளம் ஞாபகம் இருக்கான்னு பாப்போம்."

"இருக்குமா?"

"இதுவரைக்கும் இருந்திருக்கு."

அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "என்னையப் போட்டா தெரியுமா?"

நான் இத்தனை வருஷம் படித்ததில் அதற்குப் பதில் இருந்தது. பிள்ளையைச் சுமக்கும்போது அந்தப் பிள்ளை வழியாகத் தகப்பனின் அணு அடையாளங்கள் தாயின் ரத்தத்துக்குள் வருகின்றன. பல தாய்மார்களின் உடம்பு அவற்றை நினைவில் வைத்துக்கொள்கிறது. அவர்களுக்கு ஒரு மகள் உண்டு, சித்தி வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"தெரியலாம். உங்க பொண்ணை வயித்துல சுமந்திருக்காங்கல்ல, அது வழியா உங்களைத் தெரிஞ்சு வச்சிருக்க வாய்ப்பு உண்டு" என்றேன். அதோடு விட்டிருந்தால் பாதி உண்மையாகியிருக்கும். "ஆனா அணுவுக்குத் தெரிஞ்சுக்கறதுன்னா சண்டை போடறதுதான். வேற மாதிரி அதுக்குக் காட்டத் தெரியாது."

அவர் நிமிர்ந்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"அவளும் அப்படித்தான் மேடம்."

அழிக்கச் சொல்லவில்லை. வச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். குவைத்துக்குத் திரும்பவில்லை, கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். தஞ்சாவூர் வரும்போதெல்லாம் எங்கள் கட்டிடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார். என் அறை ஜன்னலிலிருந்து அந்தக் கடை தெரியும்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தத் தொட்டி அறை வேறு மாதிரி ஆனது. அதில் பலருடைய குப்பிகள் இருந்தன. அவர்களில் இறந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பாம்பு கடித்து இறந்த ஒரு அம்மா, பிரசவத்தில் போன ஒரு பெண். முன்பெல்லாம் அவர்கள் எனக்கு எழுத்தும் எண்ணும்தான். இப்போது மூடியைத் திறக்கும்போது, யாரோ இருக்கும் அறைக்குள் நுழைகிற கூச்சம் வந்தது. ஒருநாள் திறப்பதற்குமுன் விரலால் மூடியைத் தட்டினேன். அதை நான் செய்ததே, பக்கத்தில் நின்றவள் "மேடம்?" என்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பொறாமையும் இருந்தது. அண்ணனிடமிருந்து எத்தனை முறை ரத்தம் எடுத்தார்கள். சோதித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டியிருப்பார்கள், அதுதான் முறை. அவனுடைய ஒரு அணு எங்காவது உறைந்து நின்றால் என்று நினைப்பேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டால் விடை கிடையாது. ஊருக்குப் போகும் பஸ்ஸில், சேறடித்த வயல்களில் குனிந்து நிற்கும் ஆண்களில் யாராவது நிமிர்ந்தால் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்வேன். அது அண்ணனாக இருந்து என்னை அடையாளம் கண்டுவிடுவான் என்ற பயம் வரும். அழற்சியைப் பற்றி உலகத்துக்கெல்லாம் கட்டுரை எழுதுகிறவளுக்கு இந்தப் பயம் ஏன் என்று யாரிடம் கேட்பது?

இதற்கிடையில் வேலை நன்றாகவே நடந்தது. அவளுடைய அணு ஒன்றிலிருந்து, கிருமியின் பல வகைகளையும் பிடிக்கும் எதிர்ப்பொருளின் மரபணுவை எடுத்துப் படித்துவிட்டோம். அதை வேறு அணுக்களுக்குள் செலுத்தி வளர்த்தோம். எங்கள் தடுப்பூசி எப்படிப்பட்ட எதிர்ப்பை உண்டாக்க வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல் ஆனது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குப்பி செலவானது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"மேடம், அதை எப்ப எடுக்கறோம்?" என்று என்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண் கேட்பாள். அடுத்த வாரம் என்பேன். அடுத்த வாரம் வேறு காரணம் சொல்வேன். அவள் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் அந்த ஒரு சோதனை இல்லாமல் மேலே போக முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கடைசியில் அவருக்குப் போன் செய்தேன்.

"கடைசிக் குப்பிங்க. எடுத்தா அதுக்கப்புறம் இல்ல."

பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. அவர் அதை அணைக்கச் சொன்னார்.

"அவ எதுக்குக் குடுத்தா மேடம்? ஜூஸுக்காகத்தான் குடுத்தேன்னு எங்கிட்ட சொல்லுவா. ஆனா போன் பண்றப்பல்லாம் எங்க டாக்டரம்மா, எங்க டாக்டரம்மான்னு உங்களப் பத்தித்தான் பேச்சு. எடுங்க."

எடுத்தோம். கரைத்தோம். சாயம் கலந்து நான்தான் முதலில் பார்த்தேன். பார்வைப் பரப்பு முழுக்க நீலம். தட்டை நகர்த்தினேன், அங்கேயும் நீலம். கை தவறுதலாகச் சாயம் அதிகமாகிவிட்டதோ என்று இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். உறைய வைத்தபோதே அந்தக் குப்பி சரியாக உறையவில்லையா, புயலின்போது நைட்ரஜன் லாரி வரத் தாமதமானதில் மேல்தட்டில் இருந்தது சூடேறிவிட்டதா, காரணம் தெரியவில்லை. எப்போது செத்தது என்பதும் தெரியவில்லை. நான் மூடியைத் தட்டிக்கொண்டிருந்த நாட்களில் அது உயிரில்லாமலேகூட இருந்திருக்கலாம். பளபளக்கும் ஒன்றாவது அகப்படாதா என்று ஓரம் ஓரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்தான் வந்து விளக்கை அணைத்தாள்.

அவர் டீக்கடைக்கு வந்திருந்த ஒரு நாளில் நானே இறங்கிப் போய்ச் சொன்னேன்.

"எல்லாமேவா?"

"எல்லாமே நீலம் ஏறிடுச்சுங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவங்க அணுவிலேர்ந்து எடுத்த ஒண்ணு வேற அணுக்கள்ல வளர்ந்துக்கிட்டிருக்கு" என்றேன். "அது தீராது. நாளைக்குத் தடுப்பூசி வந்துச்சுன்னா..."

"நல்லதுங்க. நாலு பேருக்கு உதவினா நல்லது. ஆனா அது அவ இல்ல." கொஞ்சம் கழித்துக் கேட்டார்: "அந்த நீலத்தை என்ன பண்ணுவீங்க?"

"நீராவியில வச்சு, அப்புறம் எரிக்க அனுப்பணும்."

"எப்ப?"

"நாளைக்குக் காலையில."

மறுநாள் நான் வந்தபோது அவர் வெண்ணாற்றில் தலை முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு வெளிச்சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தார். தலையை மழித்திருந்தார். நீராவிக் கலம் இருக்கும் அறையின் வெளிக்கதவு அந்தப் பக்கம்தான் திறக்கும். நான் அதைத் திறந்து வைத்தேன். விதியில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. குப்பியை உள்ளே வைத்துக் கலத்தின் கதவை முறுக்கி மூடினேன். ஆவி சீறிக்கொண்டு வெளியேறும் சத்தம் கேட்டதும் அவர் கைகூப்பினார். சத்தம் அடங்கும்வரை நின்றார். பிறகு என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அது முறைதான், சுடுகாட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை.

அதோடு எனக்கு அந்தக் கூச்சம் விட்டுப்போகும் என்று நினைத்தேன். விடவில்லை. அவளுடைய இடம் தொட்டியின் அடுக்கில் காலியாக இருந்தது. வேறு யாருடையதையும் அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணும் வைக்கவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

போன குறுவையில் அவருக்கே காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி என்றவுடன் எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் போட்ட கூச்சலில் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மருந்து நேரத்தோடு போயிற்று. நான் தினமும் போய் அவர் கண்ணைப் பார்த்தேன். சிவப்பு ஏறியது, மஞ்சள் ஏறவில்லை. ஒருநாள் இட்லி வேண்டும் என்று கேட்டார். வராந்தாவுக்கு வந்து நின்றேன்.

தேறி உட்கார்ந்த பிறகு, முறைப்படி அவரிடம் கேட்டேன். நின்றுபோன அந்தக் கடைசிச் சோதனையை இனி வேறு யாருடைய ரத்தத்திலாவதுதான் செய்ய வேண்டும், அதற்குக் காய்ச்சல் வந்து மீண்டவர்களுடையது முக்கியம். கருவிகளைப் பையில் கொண்டுபோயிருந்தேன்.

அவர் கையை நீட்டவில்லை. போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். என்னோடது வேணாம்."

"சரிங்க. கட்டாயம் எதுவும் இல்ல."

"நீங்க கேட்டு இல்லன்னு சொல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எம் பொண்ணு உங்க வாசல்ல வந்து நிக்கும். எனக்கு வந்தது அதுக்கு வேணாம். போனா முழுசாப் போயிடறேன்."

நான் பையின் ஜிப்பை மூடினேன். விஞ்ஞானியாக நான் சொல்லக்கூடிய வாதங்கள் இருந்தன. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

அப்போது அவருடைய மகள் டிபன் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல், நெற்றியில் அம்மாவின் அதே அகலம். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அப்பாவைப் பார்த்தாள்.

"இவங்கதான்டா" என்று அவர் ஆரம்பித்தார். "இவங்கதான் உங்கம்மாவ..."

மேலே சொல்ல அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. மகள் பாத்திரத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, மீதியை நான் சொல்வேன் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.